மாவு அரைக்கிறவரின் நாள்வழி நோட்டு

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மளிகைக்கடைக் குளிர்பெட்டியைத் திறந்தால் இட்லி மாவு பாக்கெட் இருக்கும். அதில் பெரிய நிறுவனங்களின் பாக்கெட்டும் உண்டு. அடுத்த தெருவில் ஒருவர் தன் வீட்டிலேயே அரைத்துக் கட்டியதும் உண்டு. இந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஈரமாவுத் தொழிலுக்கு முதல் குறைவு. சரக்கு அன்றாடம் ஓடும், காசும் கையில் புரளும். அதனால் தொடங்குவது எளிது. ஆனால் நாற்பது, ஐம்பது பாக்கெட்டில் வந்து நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். நின்றதும் பதற்றம் வருகிறது. ஒரு வாரம் விலையைக் குறைக்கிறார்கள். மறுவாரம் அடை மாவு, ராகி மாவு, சப்பாத்தி என்று ஒரேயடியாக இறக்குகிறார்கள். கடன் வாங்கிப் பெரிய கிரைண்டர் போடுகிறார்கள். இவற்றில் எதுவும் தப்பான காரியம் இல்லை. எதற்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்லும் கணக்கு கையில் இல்லாமல் செய்வதுதான் தொழிலைச் சாய்க்கிறது.

அந்தக் கணக்கை உண்டாக்கி, அதை நம்பி மெல்ல வளரும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 48 பாக்கெட், ஒவ்வொன்றும் ஒரு கிலோ, எல்லாம் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரிப்பது. இரண்டு டப்பா போதும். வங்கியில் தனிக்கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. யுபிஐயில் வரும் பணம் வீட்டுச் செலவுக் கணக்கில் விழக்கூடாது. தொழில் டப்பாவிலிருந்து பால் வாங்கக்கூடாது, பள்ளிக் கட்டணம் கட்டக்கூடாது. அப்படியானால் வீட்டுக்கு எப்படிப் பணம் வரும்? உங்களுக்கு நீங்களே தினக்கூலி போட்டுக்கொள்ளுங்கள். 300 ரூபாய் என்றால் 300. நல்ல விற்பனை நாளிலும் அதே 300, மந்தமான நாளிலும் அதே 300. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தன் உழைப்புக்குக் கூலி போடாதவருக்குத் தன் தொழிலில் லாபம் இருக்கிறதா என்பது கடைசிவரை தெரியாது. பெண்கள் நடத்தும் வீட்டுத் தொழில்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. அவர்களுடைய விடிகாலை உழைப்பை வீட்டு வேலையோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: கூலி இல்லாமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை.

இரண்டாவது, அளவு. இட்லி அரிசி நான்கு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் படியிலும் டம்ளரிலும் அளக்கிறவர்களின் மாவு ஒருநாள் போல் ஒருநாள் இருப்பதில்லை. தராசில் நிறுத்துப் போடுங்கள். 16 கிலோ அரிசி, 4 கிலோ உளுந்து. தண்ணீரையும் அளந்தே ஊற்றுங்கள். உளுந்து பழசாக இருந்தால் பொங்கிக் காணாது, மாவு குறையும். புது உளுந்து மூட்டை பிரித்த அன்று அதை நோட்டில் குறித்துவிட்டால், அடுத்த ஒரு வாரம் மாவு கூடியதற்கும் குறைந்ததற்கும் காரணம் தேட வேண்டியிருக்காது. ஊறிய நேரம், கிரைண்டர் ஓடிய நேரம், மாவு சூடானதா, குளிர்ந்த தண்ணீர் ஊற்றினோமா, எல்லாமே குறித்துவைக்க வேண்டியவைதான். பொங்க வைக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்திலேயே புளிப்பு ஏறிவிடும்; மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் விட்டாலும் மாவு அசையாமல் கிடக்கும். மாவில் இயல்பாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குவதால்தான் மாவு பொங்குகிறது. குளிர்ந்தால் அவற்றின் வேகம் குறையும், அவ்வளவுதான். கடையில் பாக்கெட் உப்பி வெடிப்பதும் அதே வாயுவால்தான். குளிர் நாளில் அவசரத்துக்கு ஆப்பச்சோடா போடுவது பலர் கையாளும் குறுக்குவழி. அன்றைக்கு இட்லி மெத்தென்று வரும். ஆனால் வாடிக்கையாளரின் நாக்கு அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாவிட்டாலும். மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அரைத்து வைப்பதே சரியான பரிகாரம்.

மூன்றாவது, நாள்வழி நோட்டு. நூறு பக்க நோட்டு ஒன்று, கயிற்றில் கட்டிய பேனா ஒன்று, அரைக்கிற இடத்திலேயே தொங்கட்டும். நாளுக்கு ஒரு பக்கம். எவ்வளவு ஊறப்போட்டது, எத்தனை பாக்கெட் கட்டியது, எந்தக் கடைக்கு எத்தனை போட்டது, எத்தனை திரும்பி வந்தது, எவ்வளவு ரொக்கம், எவ்வளவு பாக்கி, அன்றைய செலவு என்ன. கடைசியில் ஒரு வரி: அன்று வித்தியாசமாக ஏதாவது நடந்ததா? மின்வெட்டு, மழை, கோயில் திருவிழா, யாராவது சொன்ன புகார். எழுதப் பத்து நிமிடம் ஆகும். இரவு படுக்கும் முன் எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்ட கணக்கு நினைவிலிருந்து எழுதும் கணக்காகிவிடும், நினைவு எப்போதும் நல்ல நாட்களையே கூட்டிச் சொல்லும்.

முதல் மாதம் இந்த நோட்டால் ஒரு பயனும் தெரியாது. பலரும் இந்த இடத்தில்தான் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது மாதத்தில் தெருக்களின் குணம் தெரிய ஆரம்பிக்கும். சனிக்கிழமை மாலை எந்தக் கடையில் கூடுதலாகப் போகிறது, அமாவாசை, கிருத்திகை நாட்களில் இரவுப் பலகாரம் சாப்பிடும் வீடுகள் எந்தத் தெருவில் அதிகம், பள்ளி விடுமுறையில் எந்தப் பகுதி காலியாகிறது, இதெல்லாம் எண்ணாகவே முன்னால் வந்து நிற்கும்.

அந்த நோட்டில் மிக முக்கியமான பத்தி, திரும்பி வந்த பாக்கெட். இதை நிதானமாகப் பார்ப்போம். விலைகளை ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். அரிசி கிலோ 50 ரூபாய், 16 கிலோவுக்கு 800. உளுந்து கிலோ 140, 4 கிலோவுக்கு 560. வெந்தயமும் உப்பும் 40. மின்சாரமும் தண்ணீரும் 60. கவர் ஒன்று இரண்டரை ரூபாய், 48க்கு 120. பெட்ரோல் 100. கிரைண்டர் தேய்மானத்துக்கு 60. மொத்தம் 1,740. கடைக்குப் பாக்கெட் 45 ரூபாய்க்குப் போட்டால் வரவு 2,160. மிச்சம் 420. அதில் உங்கள் கூலி 300 போனால் தொழிலுக்கு நிற்பது 120 ரூபாய்.

இப்போது அந்த 48ல் ஐந்து பாக்கெட் புளித்துத் திரும்பி வருகிறது என்று வையுங்கள். ஐந்து பாக்கெட் என்பது 225 ரூபாய். 420 ரூபாய் 195 ஆகிவிட்டது. உங்கள் கூலியே முழுதாக வரவில்லை. வேறு விதமாகச் சொன்னால், ஒரு பாக்கெட்டில் கிடைப்பது 8 ரூபாய் 75 காசு. திரும்பி வந்த ஒரு பாக்கெட்டை ஈடுகட்ட ஐந்துக்கும் மேல் விற்க வேண்டும். இந்த இடத்தில் விளம்பரம் செய்து இன்னும் இருபது பாக்கெட் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்? அதிலும் அதே விகிதத்தில் திரும்பும். நஷ்டமும் கூடவே வளரும். ஆகவே விற்பனையைக் கூட்டுவதற்கு முன்னால் திரும்புவதைக் குறைக்க வேண்டும்.

எப்படிக் குறைப்பது? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். இந்த வாரம் ஒரு மாற்றம், அதை நோட்டில் பாருங்கள், பிறகு அடுத்தது. திரும்பி வருவது ஒரே கடையிலிருந்தா என்று முதலில் பாருங்கள். சில கடைகளில் இரவு மின்செலவுக்குப் பயந்து குளிர்பெட்டியை அணைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கடைக்கு மாலையில் போடாமல் காலையில் மட்டும், அதுவும் குறைவாகப் போட வேண்டும். எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்பினால் கோளாறு நம் பக்கம்; பொங்க வைக்கும் நேரத்தை அரை மணி குறைத்துப் பாருங்கள். புது பாக்கெட்டை முன்னால் அடுக்கிப் பழையதைப் பின்னால் தள்ளுவது இன்னொரு காரணம். போடப் போகும்போது பழையதை நீங்களே எடுத்து முன்னால் வைத்துவிட்டு வாருங்கள். பாக்கெட் கட்டிய தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பத்தாவது வாரத்தில் ஐந்து இரண்டாகியிருந்தால், ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடாமலே நாளுக்கு 135 ரூபாய் உங்களிடம் தங்கியிருக்கிறது. 26 நாள் மாதத்துக்கு 3,510 ரூபாய்.

அடுத்தது பாக்கி. "வாரக்கடைசியில் மொத்தமா வாங்கிக்கம்மா" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்வார். நல்ல மனிதர், தருவார். ஆனால் ஏழு நாள் அரைப்பு, நாளுக்கு 48 பாக்கெட், கடனாகப் போனால் 15,120 ரூபாய் வெளியே நிற்கிறது. அந்த ஏழு நாளில் அரிசிக்கும் உளுந்துக்கும் பெட்ரோலுக்கும் உங்கள் கையிலிருந்து 12,180 ரூபாய் போயிருக்கும். பாக்கி பதினைந்து நாள் அரைப்புக்கு ஆனால் கையிலிருந்து போவது 26,100. சரக்கு நன்றாக ஓடுகிறது, லாபமும் இருக்கிறது, ஆனால் அரிசி மூட்டை எடுக்கக் காசு இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. அந்த நேரத்தில் வாசலில் தண்டல்காரர் வந்து நிற்பார். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் பிடித்தம் போக 9,000 கையில் தருவார். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பத்து சதவீத வட்டி போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளும் உங்கள் கையில் சராசரியாக இருப்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 80 சதவீதம். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் விடிகாலையில் அரிசி இல்லாமல் நிற்கிறவருக்குச் சட்டம் நினைவுக்கு வராது.

அதனால் பாக்கிக்கு முதல் நாளே ஒரு வரம்பு வைக்க வேண்டும். நான் சரி என்று நினைப்பது இது: நேற்று போட்டதற்கு இன்று காசு, பழகிய கடைக்கு அதிகபட்சம் மூன்று நாள். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கடைக்கு ஒரு சின்ன அட்டை போட்டு, பாக்கெட் வைக்கும்போதே எண்ணிக்கையையும் தொகையையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால், கேட்கிற வேலையை அட்டையே பாதி செய்துவிடும். "அண்ணாச்சி, மூணு நாள் ஆச்சுங்க, கணக்கைப் பார்த்துட்டு இன்னைக்குச் சரக்கை இறக்கிடறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். ஒரு கடை மறுத்தால் அந்தக் கடையை விடுவதே நல்லது. விடுகிற அன்று வலிக்கும். மாதக்கடைசியில் நோட்டைப் பார்த்தால் வலிக்காது.

அன்றாடக் கணக்கை இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் தருவது ஒரு பழைய உதாரணம். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ்ன் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் அவர்கள் செய்தது நான்கு பாக்கெட். லிஜ்ஜத் என்று இன்று நாடு முழுவதும் தெரிந்த பெயர் அங்கே தொடங்கியதுதான். நஷ்டமே வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். காலையில் பிசைந்த மாவை வாங்கிப்போய், வீட்டில் இட்டுக் காயவைத்து, திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் தரம் பார்த்து, எடை பார்த்துக் கூலி. அன்றாடம் நடக்கும் இந்தச் சரிபார்ப்புதான் ஆயிரக்கணக்கான வீடுகளில் இட்ட அப்பளத்தை ஒரே ருசியில் நிறுத்தியது. நம் மாவுத் தொழிலிலேயே 2005இல் பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும் தொடங்கிய ஐடி (iD) மாவு நிறுவனத்தைச் சொல்லலாம். 50 சதுர அடி இடம், சுற்றியிருந்த 20 கடைகள். நாளுக்கு நூறு பாக்கெட்டைத் தொடவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. பின்னால் வந்த பெரிய முதலீட்டைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. எனக்கு அந்த ஆரம்ப மாதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

திரும்புவதும் பாக்கியும் அடங்கிய பிறகு புதுக் கடை சேர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு கடை. அதற்கு மேல் வேண்டாம். புதுக் கடை இப்போது போகிற வழியிலேயே இருக்கட்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஐந்து பாக்கெட் கேட்கும் கடை பெட்ரோலில் லாபத்தைத் தின்றுவிடும். முதல் வாரம் மூன்று பாக்கெட் மட்டும் போடுங்கள். கடைக்காரர் ஆறு கேட்டாலும் மூன்றே. தீர்ந்துபோய் "உன் மாவு இல்லையான்னு கேக்குறாங்க" என்று அவர் சொன்ன பிறகு கூட்டுங்கள். போகும் நேரம் மாறவே கூடாது. ஐந்தரைக்கு மாவு வரும் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால், வாடிக்கையாளரிடம் அவரே சொல்லி நிறுத்திவைப்பார். நான் பார்த்தவரை இதைவிடச் சிறந்த விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது.

கூடவே முடிக்க வேண்டிய காகித வேலைகள் சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து அதன் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எடை, விலை, கட்டிய தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். தராசுக்கு அரசு முத்திரை வாங்க வேண்டும். சிறு தொழில்களுக்காக 2020 ஜூலையிலிருந்து நடக்கும் உதயம் பதிவுக்குக் கட்டணமே இல்லை; காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, அரைப்பு இல்லாத நாளில், ஒரு மணி நேரம் ஒதுக்கி நோட்டைக் கூட்டுங்கள். விற்றது, திரும்பியது, பாக்கி, செலவு, மிச்சம். ஐந்து எண்கள் போதும். போன வாரத்து ஐந்தின் பக்கத்தில் இந்த வாரத்து ஐந்தை எழுதி, எது மோசமானதோ அதை மட்டும் வரும் வாரத்து வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கூட்டச் சொல்லலாம். கணக்குப் பாடத்தைவிட ஆர்வமாகச் செய்வார்கள்.

விலையைக் கூட்டுவதற்கும் இந்த எண்கள்தான் வழி காட்டும். உளுந்து விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் நாளுக்கு 80 ரூபாய் கூடுதல் செலவு. பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 70 காசு. தொழிலுக்கு நிற்கும் 120 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு அதில் போய்விடும். இதை மறைக்க உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. இட்லி கல்லாகும், வாடிக்கை போகும். அதே அளவை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னதாகக் கடைக்காரர்களிடம் சொல்லி, இரண்டு ரூபாய் கூட்டுங்கள். மாவு ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் இரண்டு ரூபாய்க்காகக் கடை மாறுகிறவர்கள் குறைவு.

இயந்திரம் எப்போது வாங்குவது? இருக்கிற கிரைண்டர் தொடர்ந்து இரண்டு மாதம் முழு நேரம் ஓடி, கேட்கிற கடைக்கு இல்லை என்று சொன்ன நாட்கள் நோட்டில் வாரத்துக்குக் குறைந்தது நான்கு இருந்தால் வாங்கலாம். திரும்புவது குறைந்த பிறகு நாளுக்கு நிற்கும் பணம், தேய்மானத்துக்கு ஒதுக்கிய பணம், இரண்டையும் ஒரு வருடம் சேர்த்தால் ஒரு பங்கு கையிலேயே இருக்கும். மீதிக்கு வங்கிக்குப் போங்கள். முத்ரா திட்டத்தில் சிசு என்ற முதல் பிரிவு 50,000 ரூபாய் வரைக்குமானது. அங்கேயும் உங்கள் நாள்வழி நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வருட விற்பனையைத் தேதிவாரியாகக் காட்டுகிறவரிடம் மேலாளர் பேசும் விதமே வேறு.

கிரைண்டருக்கு அடுத்தது ஆள். உதவிக்கு வருகிறவரை முதல் வாரம் அரைக்க விடாதீர்கள். நிறுக்கவும் எழுதவும் மட்டும் சொல்லிக்கொடுங்கள். அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எந்தப் பருவத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை நோட்டிலிருந்து எடுத்து ஓர் அட்டையில் எழுதி, கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். இரண்டாவது வாரம் நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் அரைக்கட்டும். மூன்றாவது வாரம் ஒருநாள் முழுக்க அவரே செய்யட்டும். அன்று கட்டிய பாக்கெட்டுகளில் ஒரு சின்ன அடையாளம் போட்டு, மறுநாள் அவற்றில் எத்தனை திரும்பின என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அரைத்த நாளின் அளவுக்கே திரும்பியிருந்தால், அடுத்த மாதம் முதல் அரைப்பு அவருடையது. அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த தெருவில் புதுக் கடை பார்க்கக் கிளம்பலாம்.